கணக்கை முடிச்சுக்கோ தம்பி!

"நாளையிலிருந்து வர வேண்டாம் தம்பி. வியாபாரம் சரியில்லை. கணக்கை முடிச்சுக்கோ."

சென்னை மண்ணடியில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த இளைஞர் ஒருவருக்கு, ஒரு சனிக்கிழமை இரவு ஷட்டரை இறக்கிய பிறகு சொல்லப்பட்ட வார்த்தைகள் இவை. ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்தவர். சாப்பாடும் தங்கலும் கடையில். சம்பளம் 12,000 ரூபாய். அந்த மாதச் சம்பளத்தோடு ஒரு கவரில் 5,000 ரூபாய் வைத்துக் கொடுத்தார் முதலாளி. வாங்கிக்கொண்டு, "துஆ செய்யுங்க பாய்" என்று சொல்லிவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டார் அவர்.

அந்த முதலாளி கெட்டவர் அல்லர். பள்ளிவாசல் கட்டடத்திற்கு அள்ளிக் கொடுப்பவர். அந்த இளைஞரின் தங்கை திருமணத்திற்கும் உதவியவர். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. கெட்டவர் செய்த அநியாயத்தை ஊர் பேசும். நல்லவர் தெரியாமல் செய்த அநியாயத்தை யார் பேசுவது?

சமுதாயச் சொந்தங்களே! வேலை பறிபோவது பற்றி நாம் பேசாமல் இல்லை. டீக்கடையில் பேசுகிறோம், மேடையில் பேசுகிறோம். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ஆம் தேதி மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் வீதிக்கு வந்ததைப் பற்றிப் பேசினோம். 2021-ல் ஃபோர்டு நிறுவனம் மறைமலைநகர் ஆலையை மூடப் போவதாக அறிவித்தபோது பேசினோம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாகச் சொன்னபோது, என்ஜினியரிங் படித்த பிள்ளைகளை வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அதே பேச்சு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குகள் மீது 50 விழுக்காடு வரி போட்டபோது, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடுபவரும் ஷூ தைக்கும் பெண்களும் எந்த ஆர்டர் நிற்கும், எது போகும் என்று தெரியாமல் தவித்தார்கள்.

இவையெல்லாம் யாரோ செய்தவை. ட்ரம்ப் செய்தது, கம்பெனிக்காரன் செய்தது, டெல்லி செய்தது. சரி, நம் கடையில் நடப்பது?

நம் சமுதாயத்தின் வேலைவாய்ப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 2006 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கை இதைப் பளிச்சென்று காட்டியது. மாதச் சம்பளம் வரும் நிரந்தர வேலைகளில், குறிப்பாக அரசு வேலைகளில், நம் பங்கு குறைவு. சொந்தத் தொழிலிலும் சிறு கடைகளிலும் அதிகம். அதாவது நம் பிள்ளைக்கு வேலை கொடுப்பவர் பெரும்பாலும் நம்மவரே. வேலையை விட்டு நிறுத்துபவரும் நம்மவரே! நோக்கியா தொழிலாளிக்காவது தொழிற்சங்கம் இருந்தது, விருப்ப ஓய்வுத் தொகை என்று பேச்சுவார்த்தை நடந்தது. மண்ணடித் தம்பிக்கு என்ன இருந்தது? ஒரு கவர்.

வேடிக்கையைக் கேளுங்கள். இதே ராமநாதபுரத்துக்காரர் துபாயில் வேலை பார்த்திருந்தால் தன் கணக்கை விரல் நுனியில் வைத்திருப்பார். அங்கே போன நம் பிள்ளைகளில் 'சர்வீஸ் மணி' தெரியாதவர் யார்? ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள். 1,500 திர்ஹம் அடிப்படைச் சம்பளம் வாங்குபவர் ஐந்து ஆண்டு முடித்தால் 5,250 திர்ஹம் என்று, எட்டாம் வகுப்பு தாண்டாதவரும் மனக்கணக்காய்ச் சொல்வார். 2023 ஜனவரியிலிருந்து அங்கே வேலை இழப்புக் காப்பீடும் உண்டு. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹத்திற்கு மேற்படாதவர் மாதம் 5 திர்ஹம் கட்டுகிறார். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து கட்டியிருந்து, தன் தவறில்லாமல் வேலை போனால், அடிப்படைச் சம்பளத்தில் 60 விழுக்காடு மூன்று மாதம் வரை கிடைக்கும். தானாக ராஜினாமா செய்தால் கிடையாது. இதையும் நம் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

பாலைவனத்தில் தெரிந்த கணக்கு பாரிமுனையில் ஏன் தெரியவில்லை?

வளைகுடாவை நான் சொர்க்கமாகக் காட்டவில்லை. 2016-ல் ஜித்தாவில் சவூதி ஓகர் என்ற மாபெரும் கட்டுமானக் கம்பெனியில், மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல், முகாமில் சாப்பாடும் நின்றுபோய் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் சிக்கிக்கொண்டதை மறக்க முடியுமா? நம் வெளியுறவுத் துறை இணை அமைச்சர் வி.கே.சிங் நேரில் போய் அவர்களை ஊருக்கு அனுப்பும் ஏற்பாட்டைப் பார்க்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே அந்தக் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. எண்ணெய் விலை 2014-ல் சரிந்ததன் அடி, முதலில் விழுந்தது கட்டுமானத் தொழிலாளியின் வயிற்றில். 2017 ஜூலையிலிருந்து சவூதியில் குடும்பத்தோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு மாதம் 100 ரியால் வரி வந்தது. ஆண்டுதோறும் 100 ஏறி 2020-ல் அது 400 ஆனது. மனைவி மக்களை ஊருக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர்! மொபைல் கடை வேலை சவூதிகளுக்கே என்று 2016-ல் சட்டம் வந்தபோது, அந்தத் தொழிலை மட்டுமே கற்றிருந்த நம் இளைஞர்கள் எக்சிட் அடித்துத் திரும்பினார்கள். திரும்பி எங்கே வந்தார்கள்? பர்மா பஜாருக்கும், ரிச்சி தெருவுக்கும், திருச்சியிலும் மதுரையிலும் உள்ள நம் கடைகளுக்கும்தான்.

அங்கே இக்காமா இருந்தது, ஒப்பந்தத் தாள் இருந்தது. கஃபீல் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று இருந்தது. ஏமாற்றினாலும் அதைக் காட்டிப் புகார் சொல்ல ஓர் அலுவலகம் இருந்தது. இங்கே எதுவும் இல்லை என்று நினைக்கிறோம். அங்கேதான் தவறு செய்கிறோம். இங்கும் சட்டம் இருக்கிறது. நம் தாத்தாக்கள் காலத்திலிருந்தே இருக்கிறது!

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. அதன் 41-ஆவது பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை, நியாயமான காரணமில்லாமல் நீக்க முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். திருட்டு போன்ற குற்றச்சாட்டு என்றால் முறையாக விசாரித்து நிரூபிக்க வேண்டும். நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, 'ரமளான் போகட்டும்' என்று தள்ளிப் போடக் கூடாது.

ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கே இவ்வளவு. பதினோரு ஆண்டு வேலை பார்த்தவருக்கு?

மண்ணடித் தம்பியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அந்தக் கடையில் பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். 12,000 ரூபாய்க்கு, பதினோரு ஆண்டுக்கு, 76,154 ரூபாய் வருகிறது. இது பணிக்கொடை மட்டும். முன்னறிவிப்புக்குப் பதிலான 12,000 தனி. ஆட்குறைப்பு என்றால் முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகக் கொடுக்க வேண்டும் என்பது 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்திலும் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. அது அதற்கும் மேல். கவரில் இருந்ததோ 5,000!

இன்னொன்றும் கவனியுங்கள். ஆட்குறைப்பு செய்வதானால் கடைசியாக வந்தவரை முதலில் நிறுத்து என்பது சட்டத்தின் பொது விதி. வேறு மாதிரிச் செய்தால் அதற்குக் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். நம் கடைகளில் என்ன நடக்கிறது? பழைய ஆளுக்குச் சம்பளம் கூடிவிட்டது, அவர் இடத்தில் 7,000-க்கு ஒரு புதுப் பையனைப் போட்டுக்கொள்ளலாம் என்று முதலில் நிறுத்துவதே பழைய ஆளைத்தான். கடையை வளர்த்தவர் வெளியே, நேற்று வந்தவர் உள்ளே.

'லே-ஆப்' என்ற சொல்லையும் எல்லாரும் கலந்தடித்துப் பேசுகிறார்கள். சட்டத்தில் அது வேலையை விட்டு அனுப்புவது அல்ல. சரக்கு இல்லை, மின்சாரம் இல்லை என்று தற்காலிகமாக வேலை கொடுக்க முடியாத நிலைதான் லே-ஆப். ஐம்பது பேருக்குக் குறையாத தொழிற்சாலையில் ஓராண்டு முடித்தவருக்கு அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளம் உண்டு. ஆம்பூர்ப் பக்கத்து சகோதரிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஆர்டர் வந்தால் கூப்பிடுகிறோம்' என்று வீட்டுக்கு அனுப்பினால், உங்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா, பாதிச் சம்பளம் வருமா என்று அன்றைக்கே கேளுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. 2019-லும் 2020-லும் நிறைவேற்றி, ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தவை அவை. பழைய 29 சட்டங்களை இவற்றில் அடக்கிவிட்டார்கள். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, எதிர்த்ததில் நியாயம் இருக்கிறது. முன்பு 100 பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்யவே அரசின் முன் அனுமதி வேண்டும். இப்போது 300 பேர் இருந்தால்தான் வேண்டும். 299 பேர் உள்ள ஆலை முதலாளிக்குக் கேட்பாரில்லை! தமிழகத்திலேயே 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, எதிர்ப்பு வலுத்ததும் மே தினத்தன்று முதலமைச்சர் ஸ்டாலின் திரும்பப் பெறுவதாக அறிவித்ததைப் பார்த்தோம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிகிறதல்லவா?

ஆனாலும் அந்தத் தொகுப்புகளில் நமக்குப் பயன்படும் சில விஷயங்கள் இருக்கின்றன. வேலையை விட்டு நின்றாலும் நிறுத்தப்பட்டாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். குறிப்பிட்ட காலத்திற்கு என்று ஒப்பந்தம் போட்டு வேலைக்கு வைத்தால் ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு, ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் முக்கியமானது: பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும்.

கடிதம்! நாம் ஓடி ஒளிவது இந்த ஒரு தாளைக் கண்டுதான்.

வணிகப் பெருமக்களே, உங்கள் பதில் எனக்குத் தெரியும். "2016-ல் நோட்டு செல்லாது என்றார்கள், 2017-ல் ஜி.எஸ்.டி. என்றார்கள், 2020-ல் கடையையே பூட்டச் சொன்னார்கள், இப்போது எல்லாரும் செல்போனில் ஆர்டர் போடுகிறார்கள். வாடகை ஏறுகிறது, வியாபாரம் இறங்குகிறது. இதில் நீ வேறு வந்து பி.எப்., ஈ.எஸ்.ஐ. என்கிறாயா?"

உங்கள் கஷ்டம் உண்மை. நானும் கடைத்தெருவில் வளர்ந்தவன்தான். ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். 12,000 ரூபாய் சம்பளக்காரருக்கு ஈ.எஸ்.ஐ.-க்கு நீங்கள் கட்ட வேண்டியது 3.25 விழுக்காடு, அதாவது மாதம் 390 ரூபாய். அவர் பங்கு 0.75 விழுக்காடு, 90 ரூபாய். 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். இந்த 480 ரூபாயில் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் மருத்துவம் வந்துவிடுகிறது. மனைவியின் பிரசவத்துக்கும், அம்மாவின் ஆபரேஷனுக்கும் உங்களிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை. நீங்களும் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு அதை ஆண்டுக்கணக்கில் சம்பளத்தில் பிடிக்க வேண்டியதில்லை. உங்கள் கடையில் ஒரு நாள் டீச் செலவு என்ன, சொல்லுங்கள்?

பணிக்கொடை 76,000 பெரிய தொகையாய்த் தெரிகிறது. பதினோரு ஆண்டு, மாதம் 577 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தால் அதுதான் அந்தத் தொகை. சரக்கு வாங்கிய கம்பெனிக்கு பில் தேதி தவறாமல் செக் போடுகிறோம். ஆள் வாங்கிய கணக்குக்கு மட்டும் பேரேட்டில் பக்கம் இல்லை.

இன்னொரு பழக்கத்தையும் கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ரமளான் மாதத்தில் கடைப் பையன்களுக்கு ஜகாத் பணத்திலிருந்து கொடுத்துவிட்டு, அதையே போனஸ் கணக்கிலும் சம்பளப் பாக்கிக் கணக்கிலும் கழித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். சம்பளம் அவருடைய உரிமை, நீங்கள் பட்டிருக்கும் கடன். தன் கடனை ஜகாத்தால் அடைக்கலாமா என்று உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். கூலியைப் பற்றிய நபிமொழி எது என்று நான் இங்கே எடுத்துக் காட்டப் போவதில்லை. ஒவ்வொரு மே மாதமும் நம் மேடைகளில் முழங்குவது அதுதானே! அதை முழங்குபவரின் கடையில் சம்பளம் எந்தத் தேதியில் போடப்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

இளைஞர்களே, நீங்கள் கைதட்டுவது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

பி.எப். பிடிக்கிறேன் என்று சொன்ன முதலாளியிடம் "வேண்டாம் பாய், கையில கொடுத்துடுங்க" என்றவர்கள் உங்களில் எத்தனை பேர்? பக்கத்துக் கடையில் ஐந்நூறு ரூபாய் கூட என்றதும், வாங்கிய அட்வான்ஸைத் திருப்பாமல், சீசன் நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் போனவர்கள் எத்தனை பேர்? பெருநாள் விற்பனைக்கு முந்தின வாரம் ஆள் ஓடிப்போய் கல்லாவில் தனியாக உட்கார்ந்திருக்கும் முதலாளியை நான் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தம் என்றால் இரண்டு கையும் கட்டுப்படும். கடிதத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு என்று எழுதினால், அது உங்களுக்கும்தான்.

அடுத்தது, கையெழுத்து. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 'சொந்த விருப்பத்தில் விலகுகிறேன், வர வேண்டியதெல்லாம் வந்துவிட்டது' என்று தட்டச்சு செய்த தாளை நீட்டி, அதில் கையெழுத்துப் போட்டால்தான் கடைசி மாதச் சம்பளம் என்பார்கள். ஐ.டி. கம்பெனியிலும் இதே கதைதான், அங்கே ஏசி அறையில் ஆங்கிலத்தில் சொல்வார்கள். வளைகுடாவில் அரபியில் எழுதிய தாளில் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்தால் பல ஆண்டு சர்வீஸ் மணியை இழந்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. ராஜினாமா என்று எழுதிக் கொடுத்த பிறகு ஆட்குறைப்பு இழப்பீடு கேட்க முடியாது.

கடிதம் கொடுக்காத இடத்தில் வேலை செய்கிறீர்களா? சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். அது ஒன்றே பல ஆண்டுச் சாட்சி. வருகைப் பதிவு, டெலிவரி நோட்டில் உங்கள் கையெழுத்து, முதலாளி வாட்ஸ்அப்பில் அனுப்பும் 'இந்தச் சரக்கை அங்கே அனுப்பு' என்ற செய்தி, எதையும் அழிக்காதீர்கள். கடிதம் இல்லாததால் வேலை செய்யவில்லை என்று ஆகிவிடாது. ஆனால் நிரூபிப்பது உங்கள் தலையில் விழும்.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். நிக்காஹ் என்றால் தப்தர் வைக்கிறோம். மஹர் எவ்வளவு, வலி யார், சாட்சிகள் யார் என்று எழுதி வைக்கிறோம். கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஊரில் நூறு கடை இருக்கிறது, ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள், அதற்கு ஒரு தாள் இல்லை! பெயர், சேர்ந்த தேதி, சம்பளம், வேலை நேரம், வாராந்திர விடுமுறை, முன்னறிவிப்புக் காலம் ஆகிய ஆறு வரிகளில் ஒரு மாதிரிக் கடிதத்தைத் தமிழில் அச்சடித்து வியாபாரிகள் சங்கமும் ஜமாஅத்தும் சேர்ந்து கொடுத்தால் என்ன? ஒரு நாள் வேலை, ஒரு ரீம் காகிதம். தகராறு வந்தால் ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசலாம், நல்லது. பேசி முடியாவிட்டால் அவன் தொழிலாளர் துறைக்குப் போவதைத் 'துரோகம்' என்று பேசாதீர்கள். ஊரை விட்டு ஒதுக்குவேன் என்று மிரட்டாதீர்கள்.

மண்ணடித் தம்பி இப்போது ஊரில் ஆட்டோ ஓட்டுகிறார். வண்டி தவணையில் எடுத்தது, வட்டிக்கு. "பதினோரு வருஷம் ஹலாலா சம்பாதிச்சேன், கடைசில வட்டியில வந்து விழுந்துட்டேன்" என்றார். அவருக்கு வர வேண்டியிருந்த தொகை, அந்த வண்டிக்கு முன்பணமாகக் கட்டியதைவிட அதிகம்.

அவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார். "இதைப் போய் பாய்கிட்ட எப்படிங்க கேக்குறது?" என்றார். முதலாளியிடமும் சொன்னேன். அவரும் தாளை வாங்கிப் பார்த்தார். "கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே" என்றார். இருவருக்கும் நடுவில் அந்தத் தாள் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இருவரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கலாம் என்று இருக்கிறேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது மாதத்தின் 7-ஆம் தேதி தாண்டியிருக்கலாம். உங்கள் கடையில் சம்பளம் போட்டாயிற்றா?